மஞ்சள் கடுதாசி

"இன்னார் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டாராம்" என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். சாவுச் செய்தியைக்கூட அவ்வளவு மெதுவாகச் சொல்வதில்லை. கோர்ட்டுக் கட்டுகளில் இதற்கு இன்சால்வென்சி மனு என்று பெயர். குமாஸ்தாக்கள் சுருக்கி ஐ.பி. என்பார்கள். அகராதியைப் பிரித்தால் திவால் என்றும் நொடிப்பு என்றும் இருக்கும். ஆனால் கடைத்தெருவுக்கு அது என்றைக்கும் மஞ்சள் கடுதாசிதான். கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் தடவுகிற மஞ்சள், இந்த ஓர் இடத்தில் மட்டும் எப்படியோ அமங்கலமாகிவிட்டது.

கதை எழுதுகிறவர்களுக்குக் கடன்பட்டவன் மேல் எப்போதும் ஒரு வாத்ஸல்யம் உண்டு. அவனிடம் பயம் இருக்கிறது, மானம் இருக்கிறது, ராத்திரித் தூக்கமின்மை இருக்கிறது. கடன் கொடுத்தவனோ பெரும்பாலும் கதையில் கதவைத் தட்டுவதற்காக மட்டும் வருகிறவன். தட்டிவிட்டுப் போய்விட வேண்டும். ஆனால் சென்ற சில ஆண்டுகளாக நம் சுப்ரீம் கோர்ட்டு திவால் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவந்திருக்கிற தீர்ப்புகளைப் படித்துக்கொண்டு போனபோது, நம்முடைய கதைகளெல்லாம் வீட்டுக்கு உள்ளேயே உட்கார்ந்து எழுதப்பட்டவை என்று எனக்குத் தோன்றியது. உண்மையான கதை வாசலுக்கு வெளியே, தெருவில், கடன் கொடுத்தவர்கள் நிற்கிற வரிசையில் நடக்கிறது. யார் முன்னால், யார் பின்னால் என்பதுதான் சண்டை. திவால் சட்டத்தின் நானூறு, ஐந்நூறு வருஷத்துச் சரித்திரமும் அந்த வரிசையின் சரித்திரம்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பலசரக்குக் கடைக்காரர் 10 பேருக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் தரவேண்டும். கடையில் இருக்கிற சரக்கும் தராசும் டப்பாக்களும் சேர்த்து 3,000 ரூபாய் பெறும். தனிச் சட்டம் ஒன்றும் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? விஷயம் முதலில் காதில் விழுந்தவர் வக்கீல் வீட்டுக்கு ஓடுவார். டிக்ரி வாங்கி, அமீனாவை அழைத்துக்கொண்டு வந்து ஜப்தி செய்வார். இப்படி முதலில் ஓடிய 3 பேருக்கு முழுப் பணம். பின்னால் வந்த 7 பேருக்குப் பூட்டிய கதவு. அந்த 7 பேர் யார்? கடைக்காரர்மேல் நம்பிக்கை வைத்துச் சற்றுப் பொறுத்தவர்கள். வெளியூர்க்காரர்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் பணமில்லாதவர்கள். ஓடத் தெரிந்தவனுக்குத்தான் நியாயம் என்று ஆகிவிடுகிறது. திவால் சட்டம் இந்த ஓட்டத்தை நிறுத்தச் சொல்கிறது. எல்லாரும் நில்லுங்கள், இருப்பதை ஒருவர் விற்பார், ஆளுக்கு 300 வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறது. கடைக்காரருடைய கடன் அதோடு தீர்ந்து அவர் மறுபடி எழுந்து நடக்கலாம் என்பது பிற்பாடு வந்து சேர்ந்த கருணை.

எவ்வளவு பிற்பாடு என்பதற்கு இங்கிலாந்தின் சரித்திரத்தைத்தான் பார்க்க வேண்டும். நம்முடைய சட்டமும் அங்கிருந்து கப்பலேறி வந்ததுதானே. அங்கே எட்டாம் ஹென்றி காலத்தில், 1542-ல், முதல் சட்டம் வந்தது. அதில் கடன்பட்டவனுக்கு ஒரு சலுகையும் கிடையாது, அவன் குற்றவாளி, அவனுடைய சொத்தைப் பிடித்துக் கடன்காரர்களுக்குப் பங்கு போடவேண்டும், அவ்வளவுதான். 1571-ல் வந்த சட்டம் இதை வியாபாரிகளுக்கு மட்டும் என்று ஆக்கியது. பிறகு 1705-ல் ஒரு சட்டம் வந்தது. அதைச் செய்தவர்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பேனாவால் எழுதினார்களா என்று சந்தேகம் வரும்படியான சட்டம். ஒளிக்காமல் மறைக்காமல் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுகிற வியாபாரிக்கு மிச்சக் கடனிலிருந்து விடுதலை என்றது. சரித்திரத்தில் புதிய வார்த்தை. அதே சட்டம், சொத்தை ஒளித்து மோசடி செய்கிறவனுக்குத் தூக்குத் தண்டனை என்றும் சொல்லிற்று. வெறும் பயமுறுத்தல் அல்ல. 1761-ல் லண்டனில் ஜான் பெரட் என்ற துணி வியாபாரியை இதற்காகவே பகிரங்கமாகத் தூக்கில் போட்டார்கள்.

இந்தக் கருணையும் வியாபாரிக்குத்தான். வியாபாரி அல்லாதவனுக்குக் கடன் ஜெயில். கடற்படை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஜான் டிக்கன்ஸ் என்பவர் 1824-ல் ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குத் தரவேண்டிய 40 பவுனுக்காக மார்ஷல்ஸீ சிறையில் அடைக்கப்பட்டார். மனைவியும் சின்னக் குழந்தைகளும் அவரோடு உள்ளே குடியேறினார்கள். 12 வயசு மூத்த பையன் மட்டும் வெளியே ஒரு பூட்ஸ் மை தயாரிக்கிற கிடங்கில் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டப் போனான். அந்தப் பையன்தான் சார்லஸ் டிக்கன்ஸ். 'லிட்டில் டாரிட்' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தச் சிறையின் வாடை தெரியும். தகப்பனார் உள்ளே இருந்தது சுமார் மூன்று மாதம். பிள்ளை அதை ஆயுள் முழுவதும் எழுதிக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாவலாசிரியர் இதற்கு நேர் எதிர். 1826-ல் ஸர் வால்டர் ஸ்காட் பங்கு வைத்திருந்த அச்சுக்கூடமும், அவருடைய புத்தகங்களைப் போட்ட பதிப்பாளரும் ஒன்றாகக் கவிழ்ந்தார்கள். 1,20,000 பவுன் அவர் தலைமேல் விழுந்தது. மஞ்சள் கடுதாசி கொடுத்திருக்கலாம், மாட்டேன் என்றார். எழுதியே கட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். நெப்போலியனின் சரித்திரத்தை ஒன்பது பாகங்களாக எழுதினார். கையும் காலும் இழுத்துக்கொண்ட பிறகும் எழுதினார். 1832-ல் இறந்தபோது பெரும் பகுதி தீர்ந்திருந்தது. மிச்சத்தை அவர் புத்தகங்களின் உரிமை தீர்த்தது. எழுத்தாளர்களுக்கெல்லாம் பெருமை தருகிற கதைதான். ஆனால் இதை முன்மாதிரியாக வைத்து யாரும் சட்டம் செய்ய முடியாது. பருப்பு மண்டி வைத்து நொடித்துப்போனவரை, நெப்போலியன் சரித்திரம் எழுதிக் கடனை அடை என்று எந்த ஜட்ஜு உத்தரவு போடுவார்? வியாபாரி அல்லாதவர்களுக்கும் அந்தச் சட்டத்தின் கதவு இங்கிலாந்தில் திறந்தது 1861-ல். கடனுக்காகச் சிறையில் போடுவதைப் பெரும்பாலும் நிறுத்தியது 1869-ல்.

இனிச் சென்னைக்கு வருவோம். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று பட்டணங்களுக்கும் 1848-லேயே இங்கிலீஷ் மாதிரியில் ஒரு திவால் சட்டம் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் என்ன என்று சென்னைப் பட்டணத்துக் குடும்பங்கள் தெரிந்துகொண்டது 1906 அக்டோபர் 22-ந் தேதி திங்கட்கிழமை. அன்று அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது.

அர்பத்நாட் என்பது நூறு வருஷத்துக் கம்பெனி. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்லுவார்கள். வியாபாரமும் செய்தது, பாங்கும் நடத்தியது. பென்ஷன் வாங்கிய தாசில்தார்கள், விதவைகள், பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி அசையாது என்ற நம்பிக்கைதான் அவர்கள் வாங்கிக்கொண்ட ஜாமீன். லண்டனில் இருந்த கூட்டாளி மாக்ஃபாடியன் சூதாட்டமான முதலீடுகளில் பணத்தைத் தொலைத்துவிட்டு, கம்பெனி மூடிய அதே சமயத்தில் ரயிலுக்கு முன் விழுந்து உயிரை விட்டார். சென்னையில் தலைமைப் பங்காளியான ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் கூண்டில் நின்றார். கம்பெனி மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே டெபாசிட் வாங்கினார் என்பது வழக்கின் சாரம். 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. கவர்னரோடு விருந்து சாப்பிட்ட 'ஸர்' ஒருவர் கைதி உடுப்புப் போட்டதில் ஊருக்குத் திருப்திதான். ஆனால் அந்தத் திருப்தியைப் பணம் போட்ட விதவை பாங்கில் மாற்றிக் காசாக்க முடியுமா?

டெபாசிட்காரர்களுக்காக வாதாட முன்வந்தவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். அரசியலில் மிதவாதி, ஆனாலும் பாரதியாரின் தேசப் பாட்டுகளை 1907-ல் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் இவரேதான். திவால் கோர்ட்டில் நின்று பார்த்த அனுபவத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட முடிவு விசித்திரமானது: கோர்ட்டினால் இந்தக் காயத்தை ஆற்ற முடியாது, நாமே ஒரு பாங்கு ஆரம்பிக்க வேண்டும். நகரத்தார் சமூகத்துப் பெரியவர்களும் வக்கீல்களும் சேர, 1907 மார்ச்சில் இந்தியன் பாங்கு பதிவாயிற்று. ஆகஸ்ட் 15-ந் தேதி வேலை தொடங்கிற்று. நம் வீட்டுப் பீரோக்களில் இருக்கிற எத்தனையோ பாஸ் புஸ்தகங்களுக்கு மூலகாரணம் ஒரு மஞ்சள் கடுதாசி என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அதே 1907-ல் வெளியூர்களுக்கும், 1909-ல் மூன்று பட்டணங்களுக்கும் புதிய திவால் சட்டங்கள் வந்தன. வெளியூர்ச் சட்டத்தை 1920-ல் மறுபடி எழுதினார்கள். மதுரையிலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்களெல்லாம் இந்த 1920 சட்டத்தின் பிள்ளைகள். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர், நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, இப்படிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் தெருவின் நடுவே நடந்து நான் பார்த்ததில்லை, சுவரோரமாகவே போவார். சட்டம் அவரை விடுவித்துவிட்டது, தெரு விடுவிக்கவில்லை. அவருக்கு நூல் சேலைகள் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் போன நெசவாளிகளை நான் அப்போது பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவர்மேல் இவ்வளவு இரக்கம் வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

ஏன் மஞ்சள் கடுதாசி கொடுத்தார்கள்? சிவில் ஜெயிலுக்குப் பயந்துதான் பலர். நம் சிவில் நடைமுறைச் சட்டப்படி, பண டிக்ரிக்குக் கட்டாதவனைப் பிடித்துச் சிறையில் வைக்கலாம். பெண்களை மட்டும் இதற்காகப் பிடிக்கக் கூடாது. இதில் ஒரு தமாஷ் என்னவென்றால், உள்ளே இருக்கிறவனுக்குச் சாப்பாட்டுப் படியை டிக்ரி வாங்கியவன் கட்ட வேண்டும். கொடுத்த கடனும் போய், கடன்காரனுக்கு மூன்று வேளைச் சோறும் போட வேண்டும்! படி கட்ட மறந்தால் அவனை விட்டுவிடுவார்கள். சிறையில் இருந்து வந்தாலும் கடன் தீராது. பிடித்துக் கொண்டுவந்தவுடன் கோர்ட்டு அவனிடம், 'நீ இன்சால்வென்சி மனுப் போடலாமே' என்று சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆக, மஞ்சள் கடுதாசி என்பது ஜெயில் கதவின் சாவி.

இந்தக் கதவைப் பற்றி 1980 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் ஜஸ்டிஸ் வி. ஆர். கிருஷ்ணய்யர் ஒரு தீர்ப்புச் சொன்னார். கொச்சி பாங்கு ஒன்றுக்குக் கடன்பட்டவர்களைப் பற்றிய அப்பீல் அது. கையில் பணம் இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாமலிருப்பது ஒன்று. கட்ட வழியில்லாமல் இருப்பது வேறு. வழியில்லாதவனைச் சிறையில் போட்டால் அவனுடைய கடனுக்காக அல்ல, ஏழ்மைக்காகத் தண்டிக்கிறோம் என்றார். நம் அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து அதை அனுமதிக்காது என்றார். சட்டப் பிரிவை அவர் அடித்துவிடவில்லை. அதற்கு ஒரு மனசாட்சியை வைத்துக் கொடுத்தார். இங்கிலீஷ் ரொட்டிக் கடைக்காரரின் 40 பவுனிலிருந்து இந்த இடத்துக்கு வந்து சேர 156 வருஷம் ஆகியிருக்கிறது.

மனிதனைச் சிறையில் போடலாம். கம்பெனியை என்ன செய்வது? அதற்கு உடம்பு கிடையாது. மானம் உண்டா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். 1985-ல் நலிந்த கம்பெனிகளுக்கென்று ஒரு சட்டம் செய்து, 1987-லிருந்து அதற்கு ஒரு போர்டும் வைத்தார்கள். போர்டு முன்னால் போய்ப் படுத்துக்கொண்ட கம்பெனியை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. கடன் கொடுத்தவர்கள் வருஷக்கணக்கில் வாசலில் நிற்க, முதலாளி அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆலையில் துரு ஏறும். முதலாளியின் காரில் ஏறாது. 2016-ல் பார்லிமெண்டு இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிய திவால் சட்டத்தைக் கொண்டுவந்தது. கம்பெனி தவணை தவறினால் முதலாளி எழுந்துவிட வேண்டும். கடன் கொடுத்தவர்களின் கமிட்டி கம்பெனியை யாரிடம் ஒப்படைப்பது என்று ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கும். ஒன்றும் நடக்காவிட்டால் விற்றுப் பங்கு போட வேண்டியது. முதலில் வழக்கைக் கேட்பது கம்பெனிச் சட்ட டிரிபியூனல். அப்பீல் டிரிபியூனல் அதற்கு மேலே. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு.

சட்டத்தைச் செய்தவர்கள் வரிசையையும் எழுதி வைத்தார்கள். கமிட்டியில் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறவர்கள் பணமாகக் கடன் கொடுத்தவர்கள், அதாவது பெரும்பாலும் பாங்குகள். சரக்குக் கொடுத்தவன், லாரி ஓட்டியவன், இயந்திரம் பழுது பார்த்தவன் எல்லாம் வேறு ஜாதி. அவர்கள் பாக்கி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் கமிட்டி அறைக்குள் வந்து உட்காரலாம், ஓட்டுக் கிடையாது. கம்பெனியை விற்றுப் பங்கு போடும்போது, ஈடு வாங்கிய பாங்குகளும் தொழிலாளிகளின் 24 மாதச் சம்பளமும் ஒரே வரிசையில். அதற்குப் பிறகு மற்றச் சிப்பந்திகள், ஈடில்லாமல் பணம் கொடுத்தவர்கள், சர்க்கார் வரி. அதற்கும் பின்னால்தான் சரக்குக் கொடுத்தவன்.

வீட்டுக்காகப் பணம் கட்டியவர்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதைச் சட்டம் செய்தவர்கள் மறந்தே போனார்கள். டில்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் ஜேபி இன்ஃப்ராடெக் என்ற கம்பெனி 2017 ஆகஸ்டில் திவால் நடவடிக்கைக்குள் இழுக்கப்பட்டபோதுதான் இது தெரிந்தது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் பணம் கட்டிவிட்டு வீட்டுக்காகக் காத்திருந்தன. ஒரு பக்கம் பாங்குக் கடனுக்கு மாதத் தவணை, மறு பக்கம் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை. 'நீங்கள் யார்?' என்று சட்டம் கேட்டது. பணம் கடன் கொடுத்தவர்களா? இல்லை. சரக்குக் கொடுத்தவர்களா? அதுவும் இல்லை. அர்பத்நாட் வாசலில் நின்றவர்களுக்காவது 'டெபாசிட்காரர்' என்று ஒரு பெயர் இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டது. 2018 ஜூனில் சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் போட்டு, வீட்டுக்குப் பணம் கட்டியவர்களும் பாங்கு மாதிரிக் கடன் கொடுத்தவர்களே, கமிட்டியில் அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று சொல்லிற்று. கட்டடக் கம்பெனிகள் கூட்டமாகக் கோர்ட்டுக்குப் போயின. 2019 ஆகஸ்டு 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்று தீர்த்தது. கட்டடம் கட்டுவதற்குக் கட்டுகிறவன் பணம் போடவில்லை, இவர்கள் போட்ட பணத்தில்தான் கட்டுகிறான். அப்படியிருக்க இவர்கள் கடன் கொடுத்தவர்கள் அல்லாமல் வேறு யார் என்பது அதன் தர்க்கம். எவ்வளவு எளிய உண்மை! அதை நிலைநாட்ட எத்தனை வக்கீல்கள்! ஜேபி கம்பெனிக்கு ஒரு புதிய முதலாளியை டிரிபியூனல் ஒப்புக்கொண்டது 2023 மார்ச்சில். வரிசையில் இடம் கிடைத்தது. வீட்டுச் சாவிக்கு அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் அதிகமாக மனத்தில் தைத்தது எஸ்ஸார் ஸ்டீல் வழக்கு. குஜராத்தில் ஹஜீராவில் இருக்கிற பிரம்மாண்டமான இரும்பு ஆலை. ஆர்ஸெலார் மிட்டல் கம்பெனி 42,000 கோடி ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்ள முன்வந்தது. பாங்குகளின் கமிட்டி அந்தப் பணத்தைப் பங்கு போட்டது. ஈடு வாங்கிய பாங்குகளுக்கு ரூபாய்க்குத் தொண்ணூறு காசுக்கு மேல். சரக்குக் கொடுத்தவர்களில் சின்னத் தொகைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கோடிக்கு மேல் பாக்கியுள்ளவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஏற்பாடு. அவர்கள் அப்பீல் டிரிபியூனலுக்குப் போனார்கள். 2019 ஜூலை 4-ந் தேதி டிரிபியூனல் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று: பாங்கு என்ன, சரக்குக்காரன் என்ன, எல்லாருக்கும் ஒரே விகிதம், நூற்றுக்கு 60.7. நான் சொன்ன பலசரக்குக் கடைக் கணக்கேதான். படித்தவுடன் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

நான்கே மாதத்தில், நவம்பர் 15-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு அதைப் புரட்டிப் போட்டது. சமமானவர்களுக்குள்தான் சமத்துவம், ஈடு வாங்கிக் கொடுத்தவனும் ஈடில்லாமல் கொடுத்தவனும் சமம் அல்ல, யாருக்கு எவ்வளவு என்பது கமிட்டியின் வியாபார புத்தியைப் பொறுத்தது, அதற்குமேல் டிரிபியூனல் தன் நியாய உணர்ச்சியை உட்கார வைக்க முடியாது என்றது. இதில் இருக்கிற வலுவை மறுப்பதற்கில்லை. வீட்டை அடமானம் வாங்கிக்கொண்டு குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கிறவனிடம், கடைசியில் அடமானம் ஒன்றும் பேசாது என்று சொன்னால், அடுத்த முறை அவன் அந்த வட்டிக்குக் கொடுப்பானா? எல்லாருக்கும் வட்டி ஏறும். பாங்கில் இருப்பதும் யாரோ ஒரு பென்ஷன்காரரின் பணம்தான்.

எல்லாம் சரி. ஆனாலும் சரக்குக் கொடுத்தவன் எந்த மேஜையில் உட்கார்ந்து ஈடு கேட்டிருக்க முடியும்? பெரிய ஆலைக்குச் சரக்கு அனுப்புகிறவன், 'உங்கள் ஆலையை எனக்கு அடமானம் எழுதுங்கள்' என்று கேட்டால் அடுத்த ஆர்டர் வேறொருவனுக்குப் போகும். 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது இவனுக்கும் ஓர் ஆறுதல் எழுதினார்கள்: கம்பெனியை உடைத்து விற்றால் இவனுக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். வரிசையின் கடைசியில் நிற்கிறவனுக்கு உடைத்து விற்றால் கிடைப்பது பெரும்பாலும் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் குறையாமல் கொடுங்கள் என்று ஒரு சட்டம்! சர்க்காராவது 2022 செப்டம்பரில் ஒரு தீர்ப்பின் மூலம் குஜராத் விற்பனை வரி பாக்கிக்கு ஈடு வாங்கியவர்களின் வரிசையில் இடம் பிடித்துக்கொண்டது. லாரிக்காரனுக்கு அப்படிப் பிடித்துக்கொடுக்க ஆளில்லை.

வரிசை ஒரு பக்கம் இருக்கட்டும். காலம் என்று ஒன்று இருக்கிறதே. எல்லாம் 330 நாளில் முடிய வேண்டும் என்று சட்டம். ஜெட் ஏர்வேஸ் விமானங்கள் நின்றது 2019 ஏப்ரல் 17-ந் தேதி. வாங்குகிறோம் என்று முன்வந்த கூட்டம் பணத்தை முழுவதும் கட்டவில்லை. ஆனாலும் 2024 மார்ச்சில் அப்பீல் டிரிபியூனல் கம்பெனியை அவர்களுக்கே கொடுக்கலாம் என்றது. நவம்பர் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, போதும், உடைத்து விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டது. ஐந்தரை வருஷம் ஓடாமல் நின்ற விமானக் கம்பெனியில் உடைப்பதற்கு என்ன இருக்கும்? ஆயிரக்கணக்கான சிப்பந்திகள் சம்பள பாக்கிக்காகக் காத்திருந்தார்கள்.

பூஷண் பவர் அண்ட் ஸ்டீல் விஷயம் இதைவிட விசித்திரம். ஜே.எஸ்.டபிள்யூ. கம்பெனி 19,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து அந்த ஆலையை எடுத்துக்கொள்வதை டிரிபியூனல் 2019-ல் ஒப்புக்கொண்டது. அப்பீல் டிரிபியூனலும் 2020-ல் ஒப்புக்கொண்டது. 2021-ல் பணம் கைமாறி, ஆலை ஓடி, இரும்பு விற்றுக்கொண்டிருந்தது. 2025 மே 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு ஜட்ஜுகள், நடந்தது எல்லாம் சட்ட விரோதம், கம்பெனியை உடைத்து விற்க வேண்டும் என்று தீர்த்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கிக் கணக்கு எழுதிவிட்ட பணத்தைப் பாங்குகள் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை. ஜூலை 31-ந் தேதி அதே சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. மறுபடி விசாரித்து, செப்டம்பர் 26-ந் தேதி, பழைய ஏற்பாடே சரி என்றது. ஐந்து மாதத்தில் ஓர் ஆலை செத்துப் பிழைத்துவிட்டது. அந்த ஐந்து மாதமும் அதில் வேலைக்குப் போய் வந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

இத்தனை ஆயிரம் கோடிகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஒரு சின்னத் தொகையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2016-ம் வருஷத்துச் சட்டம் கம்பெனிகளுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. தனி மனிதர்களுக்கும் அதில் ஒரு பாகம் இருக்கிறது. அதற்குள் 'புதிய தொடக்கம்' என்ற ஓர் அத்தியாயம். வருஷ வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாதவன், 20,000 ரூபாய்க்கு மேல் சொத்தில்லாதவன், சொந்த வீடில்லாதவன், 35,000 ரூபாய்க்குள் கடன்பட்டவன் ஒரு மனுப் போட்டு அந்தக் கடனிலிருந்து விடுதலை கேட்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. கோர்ட்டுப் பாஷையிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் நல்ல சிறுகதைக்கு உரிய மனிதன்.

அந்தப் பாகத்தை 2019 டிசம்பர் 1-ந் தேதி அமலுக்குக் கொண்டுவந்தார்கள், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும். முதலாளிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களுமான அந்த ஜாமீன்தார்கள் இது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2021-ல் ஒரு தடவையும் 2023-ல் ஒரு தடவையும் தோற்றார்கள். 35,000 ரூபாய்க்காரனுக்கு எழுதிய அத்தியாயம் அப்போது திறக்கப்படவில்லை. அவனுக்கு 1909-ம் வருஷத்துச் சட்டத்தையும் 1920-ம் வருஷத்துச் சட்டத்தையும் அப்படியே விட்டுவைத்தார்கள்.